டொபோகனில் போய் விழுந்தவன்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையைப் பொலிஸ் சோதித்தது ஒரு ஞாயிறு மத்தியானம். மனைவி பின்னால் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். கனடாவிலிருந்து அக்கா தன் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கடிதம் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் அதில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார்: "சின்னவன் டொபோகனில் போய் விழுந்து கையை முறித்துக்கொண்டான்."

டொபோகன் என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்றவர்களை ஜீப்பில் ஏற்றியதைக் கண்டவன் நான். "கமக், சேர்" என்றேன், ஊர் என்ற பொருளில். பிறகு குசினிக்குப் போய் மனைவியைக் கேட்டார்கள். அவள் வாகனம் என்றாள்.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன 'இல்' செய்த வேலை. பக்கத்தூர் கல்கிசையில் விழுந்தாலும் 'இல்', சைக்கிளில் விழுந்தாலும் 'இல்'. இயக்கப் பயிற்சி முகாமின் பெயரோ, வள்ளத்தின் பெயரோ என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினார். பனியில் சறுக்கிப் போகும், சில்லு இல்லாத நீளப் பலகை வண்டி என்று வாசித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சொல் பிறந்த கதையில் அவருடைய விரல் நின்றுவிட்டது. கனடாவின் பழங்குடிகளிடமிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்த சொல்லாம். அந்தப் பழங்குடிகளை அகராதி 'இந்தியர்' என்று குறித்திருந்தது.

"இந்தியாவா?" என்று நிமிர்ந்தார். இயக்கங்கள் பயிற்சிக்குப் போனது அங்கேதான்.

இந்தியாவைத் தேடிக் கப்பலில் போனவன் வேறு கரையில் இறங்கி, கண்டவர்களுக்கெல்லாம் வைத்த பெயர் அது என்று, கைகட்டி நின்று, உடைந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் அகராதியை மூடினார். பிறகு, இனி அக்காவை விளங்குகிற மாதிரி எழுதச் சொல் என்று கடிதத்தை என்னிடம் எறிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏனப்பா ஊர் எண்டு சொன்னனீங்கள்?"

"உமக்கு மட்டும் தெரியுமோ?"

"இல்லை. கை முறிஞ்சதெண்டால் ஏதோ ஒண்டிலயிருந்துதானே விழுந்திருப்பான்."

அன்றே அக்காவுக்கு எழுதினேன், சுகம் மட்டும் எழுதுங்கோ என்று. அக்கா சொன்னபடி செய்தாள். அதன்பிறகு வந்த கடிதங்களில் இரண்டு வரிதான்: நாங்கள் சுகம், நீங்கள் சுகமோ. சின்னவனின் கை பொருந்தியதா என்று கேட்டு எழுத எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவேயில்லை.