ரிஜிஸ்டரைத் திறக்காத சிவஞானம்

சிவஞானம் காலமான செய்தியை எங்கள் பழைய அலுவலக உதவியாளர் முருகையாதான் போனில் சொன்னார். "அண்ணாச்சி, நம்ம சிவஞானம் சார் போயிட்டாவ. ரிட்டயர் ஆனவங்க கூட்டத்துல வாசிக்கணும், நாலு வரி நல்லதா எழுதித் தாங்க" என்றார். மூன்று நாளாக யோசிக்கிறேன். அவர் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது ஒரு வரி. மற்ற மூன்றுக்கும் என்னிடம் சரக்கு இல்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததா? நம் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார். "பதிவு இல்லை" என்று சொல்ல அவருக்கு ரிஜிஸ்டரைத் திறக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. தகப்பனாரின் இறப்புச் சான்றிதழுக்கு வந்தவரிடம், "செத்தவருக்கே அவசரமில்ல, உமக்கு என்னவே அவசரம்?" என்பார். பிறப்புச் சான்றிதழ் என்றால், "நீரே முன்னால நிக்கீரு, பொறந்ததுக்கு இத விட என்னவே சாட்சி?" என்பார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். வெட்கக்கேடு, நாங்களும் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கள்கிழமை, எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிறவர்.

"ஐயா, எம் மகளுக்குப் பதினஞ்சு வயசுதான். அவ மாமாகாரன் புதன்கிழம தாலி கட்ட நிக்கான். நிறுத்தச் சொல்லிப் போனா, போலீஸ் ஸ்டேசன்ல வயசுக்கு அத்தாட்சி கேக்காவ. இங்கன பெரியாஸ்பத்திரியிலதான் பெத்தேன். பருத்தி ஊனின மறுவாரம், மூத்தவன் ஒண்ணாப்பு சேந்த வருசம்."

"பருத்திக்கெல்லாம் இங்க ரிஜிஸ்டர் கெடையாது" என்றார் சிவஞானம். அதிசயமாக ஒரு நோட்டை எடுத்து, பெயர்க் கட்டத்தில் மட்டும் விரலை ஓட்டினார். "உம் மக பேரு இல்லம்மா. இல்லாதத நான் பெத்தா தர முடியும்?"

நம் கரிசல்காட்டில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது குலதெய்வம் கோயிலில் காது குத்தும்போதுதான். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர்க் கட்டம் காலியாகத்தான் இருக்கும். தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத் தேட வேண்டும். இது சிவஞானத்துக்குத் தெரியாமல் இல்லை. தேடச் சோம்பல், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமையும் அந்த அம்மா வந்தார், புருஷன் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொண்டே சாயங்காலம்வரை நின்றார். நான் அடுத்த மேசையில் வீட்டு வரி பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் ரிஜிஸ்டரை இன்னொருவர் தொடக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் எழுதாத ஒழுங்கு. தொடவில்லை.

வியாழக்கிழமை சிவஞானம் விடுப்பு. அன்றுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. பத்து நிமிடத்தில் கிடைத்தது. தகப்பன் பெயர், ஊர், பெண் குழந்தை, எல்லாம் அவரது அழகான கையெழுத்திலேயே! சான்றிதழ் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கல்யாணம் தள்ளிப் போயிருக்கும் என்ற நப்பாசையில் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் நீட்டினேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

"கல்யாணம் முடிஞ்சிட்டுய்யா. இனி அவளுக்கு எதுக்கு வயசு?"

திரும்பி வந்து சிவஞானத்திடம் சொன்னேன். "நான் பேர வச்சுல்லாவே பாத்தேன்" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார்.

அவருடைய இறப்புச் சான்றிதழை அவர் மகன் ஒரே நாளில் வாங்கிவிட்டாராம். நல்ல வேளை, இப்போது அந்த நாற்காலியில் வேறு ஆள்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். பீரோவில், பெயர்க் கட்டம் காலியாக, அப்படியே இருக்கிறது. அவரைத் திட்ட நினைக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். பார்த்ததும், என் மேசையிலிருந்து அந்த ரிஜிஸ்டர் அலமாரி எட்டடி தூரம்கூட இல்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.