மருமகனும் வெங்காயத் தாச்சியும்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் அருமைநாயகியிடம் ஒரு நல்ல சொல் வாங்கினவர் என்று எவரையும் காட்ட முடியாது. பங்குச் சுவாமியின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால், "தொண்டை நல்லாத்தான் இருக்கு, சரக்குத்தான் இல்லை" என்பாள். அடுத்த வீட்டு நல்லம்மா பலகாரத் தட்டோடு வந்தால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பசிச்சால் தின்னலாம்" என்பாள். அவளிடமிருந்து கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டே அதுதான் என்று தெரிந்த நல்லம்மா சந்தோஷமாகத் திரும்பிப் போவாள்.

ஆம்பிளைகளைப் பற்றி அவளுக்கு இருந்த எண்ணம் இன்னும் மோசம். அது வெறும் வாய்க்கொழுப்பில் வந்ததல்ல. அவள் இன்னாசித்தம்பிக்கு வாழ்க்கைப்பட்டபோது அவனிடம் சொந்த வள்ளம் இருந்தது, தோளில் பலமும் இருந்தது. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்தது. மற்ற ஆண்கள் விறகு கொத்தினார்கள், மூட்டை சுமந்தார்கள், எதையாவது பிடித்துக்கொண்டார்கள். இன்னாசித்தம்பி குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். தடை நீங்கிய பிறகும் அவன் எழும்பவில்லை. அவள் இறால் கம்பனியில் கோது உரித்து, விரல் நுனியெல்லாம் வெளிறிப்போய் வீடு வந்தால், "கறி கொதிச்சிட்டுதோ?" என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே கேட்பான். குடித்து ஈரல் கெட்டுச் செத்தும் போனான். அழுதவர்களோடு சேர்ந்து அவளும் அழுதாள். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அந்தக் கதிரையைக் கொத்தி அடுப்பில் வைத்தாள்.

அதிலிருந்து, அடுப்புக்குக் கிட்ட நிற்கிற ஆம்பிளையைக் கண்டால் அவளுக்கு வயிறு பற்றி எரியும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகன் சமையற்காரன்.

ஜெரிசன் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவன். தகப்பனும் தமையன்மாரும் கடலோடிகள். இவனுக்கு மட்டும் வள்ளம் ஆடினால் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வரும். கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அங்கேயே சமையல் பழகி, பிறகு யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றுக்கு வந்தான். அருமைநாயகியின் ஒரே மகள் ஷெரோன் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்தாள். வீடு மகளின் பேரில், குசினி தன் பேரில் என்பது அருமைநாயகியின் கணக்கு.

மருமகனை முகத்துக்கு முன்னால் 'தம்பி, நீர்' என்று கதைப்பாள். அவன் முதுகைக் காட்டினால் 'உவன்'.

அவன் வேலை செய்த ஹோட்டலை முதலாளி மூடிவிட்டபோது அந்த 'உவன்' முழுநேரமும் வீட்டில் நிற்கத் தொடங்கினான். சும்மா நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவன் குசினிக்குள் வந்தான். பிறந்தநாளுக்கும் விருந்துக்கும் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கப்போவதாகச் சொன்னான். முதலில் எடுத்தது, பொரியலைத் தோய்த்துத் தின்னும் வெங்காய டிப். அதற்கு அவன் சொன்ன முழுப்பெயர் 'கிறீமி கரமலைஸ்ட் ஒனியன் டிப்'. அருமைநாயகி அதற்கு வைத்த பெயர் 'பசை'.

முதல் தடவை அவன் செய்ததை அவள் குசினி நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். பெரிய வெங்காயத்தை மெல்லிசாக வெட்டி, தாச்சியில் பட்டரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, ஒரு சிட்டிகை உப்போடு போட்டான். நெருப்பை அணைந்துவிடுமோ என்னும் அளவுக்குக் குறைத்தான். பிறகு தட்டகப்பையால் பிரட்டினான். பிரட்டிக்கொண்டே நின்றான். வெங்காயம் வாடியது, தண்ணீர் விட்டது, மஞ்சளானது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"உன்ரை மனிசன் என்ன, வெங்காயத்துக்குத் தாலாட்டுப் பாடுறானோ?" என்று மகளிடம் கேட்டாள்.

"அது மெல்லமா வதங்கினால்தானம்மா இனிக்கும்."

"இனிக்க வேணுமெண்டால் சீனியைப் போடச் சொல்லு. நான் இந்த நேரத்துக்கு மூண்டு கறி வைச்சுச் சட்டியும் கழுவியிருப்பன்."

தாச்சியின் அடியில் பிடித்ததைத் துளித் தண்ணீர் விட்டுச் சுரண்டி, மறுபடி வதக்கி, கடைசியில் வெங்காயம் பனங்கட்டி நிறத்துக்கு வந்தபோது முழுத் தாச்சியும் இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிப் போயிருந்தது. ஒரு கூடை வெங்காயத்தை இரண்டு பிடியாக்கியவனை அவள் ஊதாரி என்று முடிவு கட்டினாள். அதைவிடக் கேவலம், தயிர். நல்ல சட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி யன்னல் கம்பியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டிருந்தான். தண்ணீர் வடிந்து கட்டியான தயிரோடு வெங்காயத்தையும் மிளகுத்தூளையும் தேசிக்காய் பிழிந்த புளியையும் சேர்த்து அடித்தான். ஒரு கரண்டி எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பாருங்கோ மாமி."

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். "பல்லுக்கு வேலையில்லை. கிழடுகளுக்கு நல்லம்" என்றாள். அவன் சிரித்தான். சிரித்தது இன்னும் பிடிக்கவில்லை. ரோஷம் இருந்தால் கரண்டியை எறிந்திருக்க வேண்டாமா?

ஆடி மாதம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் வந்து ஊரை நிறைத்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்து கொக்குவிலில் தங்கியிருந்த செந்தூரன் என்பவன், தகப்பனின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மரவள்ளிப் பொரியலோடு வைக்க இந்த டிப்பைப் பெரிய அளவில் கேட்டிருந்தான். ஜெரிசனுக்கு வந்த முதல் பெரிய வேலை. விடியவே எழும்பிக் குசினியைப் பிடித்துக்கொண்டான். ஒரு பங்கு வெங்காயத்தைத் தாச்சியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி இடது பெருவிரலில் ஆழமாக இறங்கியது.

ஷெரோன் பதறிக்கொண்டு துணியைச் சுற்றினாள். துணி நனைந்து சொட்டியது. அருமைநாயகி எட்டிப் பார்த்தாள்.

"சுறா கடிச்சு வந்தவங்களைக் கண்டிருக்கிறன்" என்றாள். "வெங்காயம் கடிச்சு வந்தவனை இண்டைக்குத்தான் காணுறன்."

ஜெரிசனின் முகம் வெளுத்திருந்தது. அவன் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஓட்டோவில் ஏறும்போது திரும்பி, "மாமி, அடுப்பிலை இருக்கிறதை ஒருக்காப் பாருங்கோ. நெருப்பைக் கூட்டிப் போடாதேங்கோ, பிரட்டிக்கொண்டு மட்டும் நில்லுங்கோ" என்றான்.

பெரியாஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள். வீடு அமைதியானது. அருமைநாயகி தட்டகப்பையைக் கையில் எடுத்தாள். நான்கு தரம் பிரட்டினாள். இந்த வயதில், இந்தக் குசினியில், ஒரு வெங்காயம் வதக்க உவன் எனக்குச் சட்டம் சொல்கிறானா என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஏறி மண்டையில் அடித்தது. கதிரையில் இருந்துகொண்டு கறியைப் பற்றி விசாரித்த குரலும் அதோடு சேர்ந்து ஏறியது. அடுப்பின் திருகைப் பிடித்து நெருப்பைக் கூட்டினாள். கூட்டிவிட்டு, வாசலில் நின்ற நல்லம்மாவிடம் போய் மருமகனின் விரலைப் பற்றி விபரமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"எங்கையோ எரியிற மணம் வருகுதணை" என்று நல்லம்மாதான் சொன்னாள்.

உள்ளே போனபோது குசினி புகையாக இருந்தது. தாச்சியில் கிடந்தது கரி. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துத் துப்பினாள். கசப்பு தொண்டை வரை போனது. முதலில் அவள் திட்டியது வெங்காயத்தை. பிறகு அடுப்பை. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் போனது. நாற்பது வருஷமாகச் சமைக்கிறவள் ஒரு தாச்சி வெங்காயத்தை எரித்தாள் என்று ஊரில் கதை உலாவினால்? அதுவும் அந்தக் கதையைச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் உவனாக இருந்தால்?

கரியைப் பொலித்தீன் பையில் கட்டி வேலிக்கு அப்பால் எறிந்தாள். தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெட்டுப் பலகையில் குவிந்திருந்த மிச்சப் பெரிய வெங்காயம் எல்லாவற்றிலும் அவனுடைய இரத்தம் சிந்தியிருந்தது. அதையும் கொட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தது அவளுடைய சின்ன வெங்காயம் மட்டும்தான். மருதனார்மடம் சந்தைக்குத் தானே போய், ஒவ்வொரு பிடியாக அமத்திப் பார்த்து வாங்கிவந்து, குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்த வெங்காயம். மீன் குழம்புக்கென்று வைத்திருந்தது. மகள் கேட்டாலும் எண்ணித்தான் கொடுப்பாள்.

பிடி பிடியாக இறக்கினாள். உரித்தாள். கண் எரிந்து மூக்கு ஒழுகியது. "சனியன் பிடிச்ச பசை" என்று சொல்லிச் சொல்லி உரித்தாள். வெட்டி, பட்டரில் போட்டு, நெருப்பை அணைந்துவிடுமோ என்னும் அளவுக்குக் குறைத்தாள்.

பிரட்டிக்கொண்டு நிற்பது அவள் நினைத்ததுபோல் சும்மா நிற்பதாக இருக்கவில்லை. கால் உளைந்தது. கை ஓய்ந்தால் ஓரம் கறுக்கத் தொடங்கியது. கண்ணை எடுத்தால் அடி பிடித்தது. துளித் தண்ணீர் விட்டுச் சுரண்டினாள். எதிர்த்த வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயம் ஊதா நிறம் போய், மங்கி, மெல்லச் சிவந்து, பளபளத்துக்கொண்டு கறுப்புச் சிவப்பாக வந்தது. அவன் செய்ததைவிடக் கடும் நிறம். வாயில் வைத்துப் பார்த்தாள். இனிப்பு இருந்தது, அடியில் ஒரு காரமும் இருந்தது. நல்லாயிருக்கிறது என்று அவள் நினைக்கவில்லை. பிழையில்லை என்று நினைத்தாள்.

முந்தின இரவு அவன் யன்னலில் தொங்கவிட்ட தயிரை அவிழ்த்து, அவன் செய்த மாதிரியே அடித்து, போத்தல்களில் நிரப்பி மூடியபோது செந்தூரனின் வான் வண்டி வாசலில் வந்து நின்றது. அரைக் காற்சட்டையோடு இறங்கி வந்தான். கையில் மரவள்ளிப் பொரியல் பை. ஒரு போத்தலைத் திறந்து, பொரியலைத் தோய்த்துக் கடித்தான்.

"கலர் கொஞ்சம் கூடிப் போச்சு, அன்ரி" என்றான். "அங்கை நாங்கள் கடையிலை ஒரு சூப் பவுடர் பக்கெற் வாங்கித் தயிரிலை கலக்கி அடிக்கிறது. அஞ்சு நிமிசம். இதுக்கேன் இவ்வளவு மினக்கெடுறீங்கள்?"

அன்று காலைவரை அருமைநாயகி சொல்லிவந்ததும் ஏறத்தாழ இதுதான். ஆனால் இவனுடைய வாயிலிருந்து வரும்போது அது கேட்கச் சகிக்கவில்லை.

"பக்கெற்றோ?"

"ஓம் அன்ரி. பக்கெற்."

"தம்பி, பக்கெற்றிலை இருக்கிறதைத் தின்னுறதுக்கு இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வரத் தேவையில்லை. உந்தச் சாமானுக்கு மனிசர் அடுப்படியிலை கால் கடுக்க நிண்டது. ஒராள் விரலை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலை இருக்கிறார். அது உமக்குக் கலர் கூடவோ? வேண்டாமெண்டால் போத்தலை மூடி வைச்சிட்டுப் போம். எண்பது வயசுக் கிழவனுக்குத் தூளைக் கரைச்சுக் குடும்."

செந்தூரன் பொரியல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "இல்லை அன்ரி, நல்லாத்தான் இருக்கு" என்றான். போத்தல்களை ஒவ்வொன்றாக வானுக்குள் ஏற்றினான். கடைசிப் போத்தலை எடுக்கும்போது, இன்னொரு தடவை, இந்த முறை அவள் பாராத நேரமாகப் பார்த்து, ஒரு விரல் தோய்த்து நக்கினான். அவள் பார்த்தாள். வெட்கங்கெட்ட கூட்டம் என்று நினைத்தாள்.

வான் திரும்பும்போதுதான், பக்கத்தில் ஓட்டோ வந்து நிற்பதை அவள் கண்டாள். ஜெரிசனும் ஷெரோனும் இறங்கியிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. அவன் பெருவிரல் வெள்ளைத் துணிக்குள் முட்டை மாதிரி வீங்கியிருந்தது.

குசினிக்குள் போனான், வெறுமையான கூரை வளையைப் பார்த்தான், பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த தாச்சியைப் பார்த்தான், வந்து இருந்தான். கேட்க வேண்டியதைக் கேளாத ஆம்பிளை என்று அதற்கும் அவனை மனதுக்குள் ஏசினாள். பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது அவன்தான் வாய் திறந்தான்.

"மாமி, முதல் தாச்சி எரிஞ்சு போச்சோ?"

பொய் சொல்லலாமென்று நினைத்தாள். பொய் சொன்னால் அவனுக்குப் பயந்ததாக ஆகிவிடும். "எரிஞ்சு போச்சு" என்றாள்.

"நெருப்பைக் கூட்டினியளோ?"

"கூட்டினன்."

"ஏன்?"

"உம்மிலை இருந்த கொதியிலை."

ஷெரோன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஜெரிசன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான்.

"சரி. அடுத்தமுறை என்னிலை கொதி வந்தால் முதலிலை அடுப்பை அணைச்சுப்போட்டு வாங்கோ. வந்து ஆறுதலா ஏசுங்கோ. நான் இருந்து கேக்கிறன். வெங்காயம் என்ன செய்தது?"

கதிரையில் இருந்த இன்னாசித்தம்பியிடம் அருமைநாயகி எத்தனை வருஷம் கத்தியிருப்பாள். ஒரு நாளாவது அவன் திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. சுவரோடு கதைத்த மாதிரித்தான். இவன் திருப்பிச் சொல்கிறான், அதுவும் சாயங்காலத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

"பெரிய நியாயம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

செந்தூரனின் சொந்தக்காரர் இருவர் அந்தக் கிழமையே டிப் கேட்டு வந்தார்கள். அந்தக் கடும் நிறந்தான் வேண்டும் என்றார்கள். ஜெரிசனின் விரல் ஆறும்வரை அவனுக்குக் கத்தி பிடிக்க ஏலாது. உரிப்பதும் வெட்டுவதும் அருமைநாயகியின் பாடாயிற்று, பிரட்டுவது ஒற்றைக் கையால் அவன். உப்புக் கூடிவிட்டது என்று அவன் சொன்னான். உன் நாக்கு ஹோட்டலில் கெட்டுப்போனது என்று அவள் சொன்னாள். 'நீர்' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

நல்லம்மா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "என்னணை, மருமோன் இப்ப பரவாயில்லைப் போல?"

"எவன்? உவனோ?" என்றாள் அருமைநாயகி. "வள்ளத்திலை ஏறினால் சத்தி எடுக்கிறவன். கத்தி பிடிக்கத் தெரியாதவன். ஒரு கூடை வெங்காயத்தை இரண்டு பிடியாக்கிறவன்."

அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டு போனாள். நல்லம்மாவுக்குக் கேட்க அலுப்பாக இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் அருமைநாயகி உள்ளே போய், அடுப்பின் திருகைச் சரி பார்த்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.