படித்துச் சொல்லாத வரி

என் அப்பாவைப் பற்றி நான் பொய் சொன்னேன். போலீஸ்காரர் முன்னால், அது எழுத்தில் ஏறும் என்று தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யால் அப்பாவின் லைசென்ஸ் போயிற்று. இருபது வருடச் சிநேகிதர் ஒருவரும் போனார்.

அது நடந்து ஆறு வருடம் கழித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பெண்களில் மட்டும் அல்ல, ஆண்களையும் சேர்த்துத்தான். அப்பா செங்கோடன் நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். கல்கத்தா வரை ஓட்டிப் போய்த் திரும்பியவர். ஆனால் ஊர்ப் பெயர்ப் பலகையை வாசிக்கத் தெரியாது. வடக்கே போகும்போது மரத்தையும் பாலத்தையும் அடையாளம் வைத்துத்தான் போவாராம்.

வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில் கொடுப்பார். பர்மிட், செக்போஸ்ட் சீட்டு, மருந்துப் புட்டியின் தாள், எதுவானாலும். "படிச்சுச் சொல்லு சாமி" என்பார். நான் படிப்பேன். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரிடம் திரும்பி, "என்ற புள்ள படிச்சா சரியா இருக்குமுங்க" என்பார்.

அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அதைக் கேட்காத நாள் எனக்கு நாளாகவே தெரியாது. கர்வம் என்றால் கர்வம்தான்! மறைக்கவில்லை.

முதலாளிக்குத் திருச்செங்கோடு சாலையில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஆயுத பூஜை அன்று ஒரு வழக்கம். வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. பூஜை முடிந்து, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி எல்லா லாரியும் ஒரு தடவை முன்னால் போய் வந்த பிறகு, டிரைவர்கள் "சாம்பிராணி போடுவார்கள்".

முதலாளியின் பழைய கார் ஒன்று அதற்கென்றே இருந்தது. அதன் பின்சக்கரங்களில் தேய்ந்துபோன மொட்டை டயர்களை மாட்டி, சிமென்டுத் தரையில் தண்ணீர் ஊற்றுவார்கள். முன்சக்கரங்களுக்கு முன்னால் பெரிய மரக்கட்டைகளை அண்டக் கொடுப்பார்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டு, இஞ்சின் அலறும்வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிளட்சிலிருந்து இடது காலைப் படக்கென்று எடுப்பார். கட்டை தடுப்பதால் கார் நகராது. பின்சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்தில் வெறிபிடித்துச் சுற்றும். தண்ணீர் ஆவியாகும். பிறகு ரப்பர் தீய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புகை எழும். யார் எழுப்பிய புகை பட்டறைக் கூரையைத் தாண்டுகிறதோ அவருக்கு அந்த வருடம் விபத்தில்லை என்று பேச்சு.

விபத்தில்லை...!

அப்பாதான் அதில் சூரர். இடது காலை எடுக்கும் அந்த நொடியில்தான் எல்லாம் இருக்கிறது என்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சேலத்தில் கல்லூரி விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பூஜை விடுமுறைக்கு வந்திருந்தேன். முதலாளி சென்னையில் ஏலத்தில் எடுத்த பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று பட்டறையில் நின்றது. படகுபோல நீளம். கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

டிரைவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. "ரெண்டே மிதிதானா? இது காரு இல்லப்பா, தையல் மிஷினு!" என்றார் ஒருவர். பெயின்டர் ஆறுமுகம் மாமா, "மச்சான், உன்ற எடது காலுக்கு இனிமே வேலை இல்ல. வெத்தலபாக்குக் குடுத்து அனுப்பீரு" என்றார். லாரிகளில் பெயரும் பூவும் எழுதுகிறவர் அவர். அப்பாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற பழக்கம். எனக்கு முறையில் மாமா இல்லை, பழக்கத்தில் மாமா.

முதலாளி சிரித்துக்கொண்டே, "செங்கோடா, இதுல சாம்பிராணி வருமா?" என்று கேட்டார்.

"கிளட்சு இல்லாம எப்படிங்க வரும்?" என்றார் அப்பா.

காரோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. அதை முதலாளி என்னிடம் நீட்டினார். "காலேஜுப் புள்ள நீதான். பாத்துச் சொல்லு."

நாற்பது ஆண்கள் சுற்றி நின்றார்கள். நான் ஒருத்தி, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கம் புரட்டினேன். அந்த நிமிடத்தைப் போல ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் பிறகு வரவே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை ஒன்று இருந்தது. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே சமயத்தில் மிதிக்கக் கூடாது. மிதித்தால் சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்று டயர் கெடும் என்று எழுதியிருந்தது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது! செய்யாதே என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறதே!

அடுத்த வரி இது: அந்த நிலையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்னால்...

அங்கே ஒரு சொல். லர்ச். எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஆங்கில இலக்கியம் படிக்கிறவள் நான். அகராதி விடுதியில் பெட்டிக்குள் கிடந்தது. எதிரே அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை, பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை எளிது! நான் அந்த வரியைத் தாண்டினேன்.

"வரும்ப்பா" என்றேன் உரக்க. "எடது கால்ல பிரேக்க அழுத்திப் புடிச்சுக்கிட்டு, வலது கால்ல ஆக்ஸிலரேட்டர மிதிக்கோணும். முன்சக்கரம் நிக்கும், பின்சக்கரம் சுத்தும்."

கூட்டம் ஓவென்றது. இரண்டு பேர் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் காதருகே போய்ச் சொன்னேன். "கட்டை எதுக்குங்க? பிரேக்கே புடிச்சுக்கும்." அப்பா கையசைத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

கட்டை வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். கேட்டீர்களா?

அப்பா ஏறி உட்கார்ந்தார். நான் சொன்னபடியே செய்தார். கார் உறுமியது, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பின்சக்கரங்கள் மெதுவாக, பிறகு வேகமாகச் சுற்றின. புகை வந்தது! கட்டையும் இல்லாமல் கிளட்சும் இல்லாமல் புகை வந்தது! யாரும் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

பத்தடி முன்னால், பாடி கட்டாத ஒரு லாரிச் சட்டத்தின்மேல் சாய்ந்து நின்ற ஆறுமுகம் மாமா கத்தினார். "கொறையுது மச்சான், கொறையுது! இன்னும் போடு!"

புகை கொஞ்சம் குறைந்திருந்தது உண்மைதான். இன்னும் புகை வேண்டுமென்றால் அப்பாவின் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இருபது வருடம் பழகிய ஒன்று. இடது காலைப் படக்கென்று எடுத்தார்.

அந்தக் காலுக்கு அடியில் இருந்தது கிளட்ச் இல்லை.

கார் பாய்ந்தது. காருக்கும் லாரிச் சட்டத்துக்கும் நடுவில் ஆறுமுகம் மாமாவின் வலது கால் இருந்தது. அவர் கத்தவில்லை. "மச்சான்..." என்று மட்டும் சொன்னார், ஏதோ கடைக்குப் போகக் கூப்பிடுகிறவர்போல.

சேலம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்தார். ஆங்கிலம் தெரிந்தவர். புத்தகத்தை வாங்கி, அந்தக் கட்டத்தை முழுதாகப் படித்தார். பிறகு தமிழில் முதலாளிக்கு விளக்கினார். "பிரேக்லேருந்து கால எடுத்தா வண்டி பாய்ஞ்சிரும்னு தெளிவா போட்டிருக்கே." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா படிச்சது? இந்த வரிய உங்கப்பாவுக்குச் சொன்னியா, இல்லையா?"

ஒரு கேள்வி. இரண்டே பதில்.

அப்பா சுவர் ஓரமாக நின்றார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேனுங்க" என்றேன். "படிச்சுச் சொன்னேன். அப்பாதான்..."

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். "என்னப்பா? பொண்ணு சொன்னுச்சா?"

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் நின்ற இடத்தைப் பார்த்தார். "ஆமாங்க. சாமி படிச்சுச் சொல்லுச்சுங்க. கட்டை போடுங்கன்னுகூடச் சொல்லுச்சுங்க. நாந்தானுங்க கேக்கல."

கட்டையையும் அவரே சேர்த்துக்கொண்டார். நான் கேட்கக்கூட இல்லை!

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்ததும் தாளை என்னிடமே கொடுத்தார். "அவருக்குப் படிக்கத் தெரியாதாமே. நீயே படிச்சுக் காட்டு. சரின்னா கைநாட்டு வைக்கட்டும்."

நான் படித்தேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் விடாமல். என் மகள் எச்சரித்தும் நான் அலட்சியமாக நடந்துகொண்டேன் என்ற வரியையும் படித்தேன். அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். முடிந்ததும் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

விடுதிக்குத் திரும்பிய அன்று அகராதியைப் பார்த்தேன். திடீரென முன்னால் பாய்தல். அவ்வளவுதான் அர்த்தம். மூடி வைத்தேன். சாப்பிடப் போனேன்.

ஏன் பொய் சொன்னேன்? நீங்கள் கேட்பீர்கள். வழக்கில் பெயர் வந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்காது என்று பயந்தேன் என்று சில வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுகூடக் கௌரவமான காரணம்தான். உண்மை அதைவிடச் சிறியது. சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு சொல் தெரியவில்லை என்று அந்த நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான்... அதற்குத்தான் என் அப்பாவைக் கொடுத்தேன்.

லைசென்ஸ் ரத்தாயிற்று. முதலாளி இரக்கப்பட்டு அப்பாவைப் பட்டறையிலேயே வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஓட்டும் லாரிகளுக்குக் கேட்டைத் திறந்து மூடுகிறார்.

ஆறுமுகம் மாமா ஒற்றைக் காலோடு திரும்பி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து கதவுகளுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறார். அப்பாவோடு பேசுவதில்லை. முதல் நாள் மட்டும் பேசினாராம். "புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்காம என்ற காலத் தின்னுட்டியே மச்சான்" என்றாராம். அப்பா கேட்டைத் திறக்கப் போய்விட்டாராம்.

என்னைப் பார்த்தால் ஆறுமுகம் மாமா எழுந்து நிற்க முயல்வார். "நீ என்ன பண்ணுவே சாமி? நீ சொல்லித்தான் இருக்கே. உங்கப்பன் கேக்கோணுமே" என்பார். நான் தலையாட்டுவேன். ஆறு வருடத்தில் எத்தனை முறை தலையாட்டியிருப்பேன்!

எனக்கு வேலை கிடைத்தது. பள்ளிபாளையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். காலையில் பஸ் ஏறுகிறேன், மாலையில் இறங்குகிறேன். அழ வேண்டும் என்று தோன்றிய நாட்கள் உண்டு. உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அப்பா... அந்த வரிய நான் உங்களுக்குப் படிச்சுச் சொல்லவே இல்லீங்கப்பா."

அவர் கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைக்கவில்லை. "தெரியுஞ் சாமி. கேட்டுக்கிட்டு நின்னது நாந்தான?"

"ஆறுமுகம் மாமாகிட்டச் சொல்லீரலாங்கப்பா. இப்பவே போறேன்."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

"வேண்டாம். நீ போயிச் சொன்னா, நான் அன்னிக்குக் கைநாட்டு வெச்சது பொய்யின்னு ஆயிரும். வண்டி போச்சு, அவனும் போய்ட்டான். செங்கோடன் தப்புப் பண்ணுனா ஒத்துக்குவான், பொய் பேச மாட்டான்னு இங்க நாலு பேரு இன்னும் சொல்றாங்க. எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டுப் போயிராத சாமி."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. "வாரேன்" என்று எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார்.

நான் ஆறுமுகம் மாமாவிடம் போகவில்லை. அப்பா கேட்டுக்கொண்டதற்காகவா? போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததற்காகவா? இரண்டாவதுதான். எனக்குத் தெரியும்.

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன். அப்பா வேண்டாம் என்றதை அச்சிலேயே ஏற்றிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், பட்டறைக்காரர்கள் யாரும் இதையெல்லாம் படிப்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் இந்தப் பத்திரிகையின் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுக்கக்கூடும். கொடுத்தால் அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். என்னிடம்தான் நீட்டுவார். படிச்சுச் சொல்லு சாமி என்பார்.

அப்போது என்ன படிப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.