வீடு விற்றவனுக்கு யார் பெண் கொடுப்பார்?

வில்லனாக நடிப்பது லேசு. முகத்தைக் கழுவிக்கொண்டு ஊருக்குள் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மேடையிலோ டிவியிலோ ஒரு தடவையாவது கெட்டவனாக நின்றுவிட்டு மறுநாள் கடைத்தெருவுக்குப் போன சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருது. ஒரு தொடர் நாடகத்தில் ஜவாத் என்ற கணவனாக நடிக்கிறேன். ஜவாத் யாரையும் கொல்வதில்லை. மனைவியிடம் தேன் ஒழுகப் பேசிக் கையெழுத்து வாங்கி, அவளுடைய வீட்டை விற்றுவிட்டு இன்னொருத்தி பின்னால் போகிறான், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்ததிலிருந்தே பெற்றவர்கள் அதற்குக் கல் சேர்ப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். அப்படி வந்தவன் அந்த வீட்டையே விற்றால் அவனுக்கு மன்னிப்பே கிடையாது. நான் நன்றாக நடிப்பவன். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் ஊரே நம்பிவிட்டது.

சூடை மீன்

வீடு விற்ற காட்சி டிவியில் போன மறுநாள் காலையில் மீன் வாங்கப் போனேன். நல்ல பாரை மீன் கிடந்தது. நான் விலை கேட்டதும் மீன்காரக் காக்கா ஈரச் சாக்கை இழுத்து அதை மூடினார். சிறு வயதிலிருந்தே என்னைத் தெரிந்தவர்; அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“காக்கா, அது நாடகம்” என்றேன். “தெரியும்” என்று சொல்லிக்கொண்டே மலிவான பொடிச் சூடை மீனை அள்ளிப் பையில் போட்டுத் தந்தார். “பொஞ்சாதிய நடு ரோட்டுல உட்டவனுக்கு இது காணும்.”

உம்மா பேசாத நாள்

ஜவாத் தன் தாயையும் விட்டுவைக்கவில்லை. மருமகளுக்காகப் பரிந்து பேச வந்த தாயின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். அந்தக் காட்சியை என் உம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். மறுநாள் எனக்குத் தேத்தண்ணி என் அக்கா, ராத்தாவின் கையால் வந்தது. உம்மா என்னோடு பேசவேயில்லை.

பகல் சோற்றுக்கு இருந்தபோது பொறுக்க முடியாமல், “அவ நடிகை உம்மா, கதவும் அட்டைக் கதவு” என்றேன். உம்மா கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நடிப்பெண்டு எனக்கும் தெரியும் மனே. எண்டாலும் அந்த மொகம் நான் பெத்த மொகம்தானே.”

பல்வலி

அப்போது எனக்கு மருதமுனையில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண் சிபானா. கைத்தறி நெய்கிற குடும்பம். போனில் மட்டும் கதைப்போம். ஜவாத் அந்த இன்னொருத்தியோடு கடற்கரையில் சிரித்துக் கதைத்த காட்சி வந்த அன்று சிபானாவே போனில் அழைத்தாள். நிச்சயம் செய்த அன்று ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் உர்ரென்று இருந்தீர்களே, இவளிடம் மட்டும் இவ்வளவு பல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

வெட்கத்தில் உறைந்துபோய் இருந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆண்பிள்ளை வீம்பு விடவில்லை. அன்றைக்குப் பல்வலி என்றேன். சிபானா சிரித்தாள். “அண்டைக்கு அந்த இனிப்பு வட்டிலாப்பத்த ரெண்டு தரம் வாங்கித் திண்ட பல்லா வலிச்சது?”

கூரை

சிபானா சிரித்தாள்; அவளுடைய உம்மா சிரிக்கவில்லை. மகளுக்காகக் கட்டிய வீடு சுவர் எழும்பி நின்றது. அடுத்து கூரை, அதன் பிறகு நிக்காஹ். வேலை திடீரென்று நின்றது. விசாரிக்கப் போன என்னை சிபானாவின் காக்கா தெரு முனையிலேயே மறித்தார். “உம்மா சொல்லிட்டா மச்சான், நாடகம் முடியுமட்டும் கூரை போடுற இல்லயாம்.”

திருந்த விடாத டைரக்டர்

நாடகமோ முடிகிற பாடாக இல்லை. ஜவாத்தைத் திட்டுவதற்காகவே சனம் பார்த்தது. டைரக்டரிடம் ஓடினேன். ஜவாத்தைத் திருத்துங்கள், வீட்டைத் திருப்பி வாங்கிக் கொடுக்க வையுங்கள், இல்லாவிட்டால் என் கலியாணம் போய்விடும் என்று கெஞ்சினேன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அவர் தலையைச் சாய்த்து என் முகத்தையே பார்த்தார். “இந்த அழுகை நல்லா இருக்கு. மனைவியை இன்னொரு தடவை ஏமாத்துற சீன்ல வச்சுக்கலாம்.”

மாமியின் கேள்வி

நிச்சயம் முடிந்த பிறகு நிக்காஹ் வரைக்கும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை விற்க மாட்டேன் என்று பள்ளிவாசலில் வைத்துச் சொல்லவும் தயார் என்றேன்.

“வித்ததுக்கு எனக்குக் கோவமில்ல தம்பி” என்றார் சிபானாவின் உம்மா, எனக்கு மாமியாகப் போகிறவர். “கையெழுத்து வாங்கக்குள்ள அந்தப் புள்ளக்கிட்ட எவ்வளவு அன்பாக் கதைச்சீங்க. அவ நம்பினா. இஞ்ச இருந்து பாத்த நானும் நம்பினன். நாளைக்கு என்ட மகளிட்ட நீங்க கதைக்கிற உண்மையா நடிப்பா எண்டு நான் எப்பிடிக் கண்டுபுடிக்கிற?”

மீன்காரருக்கும் உம்மாவுக்கும் சொன்ன பதில் இங்கே செல்லாது. மாமி கேட்டது நியாயம். எந்தச் சத்தியத்தையும் ஜவாத் என்னைவிட அழகாகச் செய்வான்.

அறைக் கதவுக்குப் பின்னால் இருந்து சிபானாவின் குரல் வந்தது. “உம்மா, பல்வலி எண்டு எனக்கிட்ட ஒரு பொய் சொன்னாரு. சொல்லி முடிக்க முந்திப் புடிச்சிட்டன். ஆராவது எழுதிக் குடுத்தாத்தான் இவருக்குப் பொய் வரும். கூரையப் போடுங்க.”

ஜவாத் இன்னும் திருந்தவில்லை, நானும் இன்னும் சூடை மீன்தான் தின்கிறேன். ஆனாலும் சிபானாவின் கூரைக்குக் கீழே இருந்துதான்.