சேர்மன் உத்தரவு

"சேர்மன் உத்தரவு" என்று நான் சொன்னது பொய். எங்கள் ஊர் முனிசிபாலிட்டி சேர்மன், மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலியை அந்தப் பொய்யால்தான் இழந்தார்.

நான் வக்கீல், அவருக்கு வைஸ் சேர்மன். பொறுமையைச் சோதிக்கிற மனிதர் அவர். எதைச் சொன்னாலும், "நேர்ல ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க" என்பார். சாக்கடை அடைப்பு என்றால் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடைக்கே போய்விடுவார். நாங்கள் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம்.

மேட்டூர் மின்சாரம் வந்தபோதும் அதே கதைதான். நெசவாளர் தெரு அவருடைய சொந்த வார்டு. விடியற்காலையில் அங்கே தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். வரைபடத்திலோ விளக்குக் கம்பங்கள் தெரு நடுவில் இருந்தன. "பாவு போடறப்பப் போய்ப் பாத்துட்டு எடஞ் சொல்றனுங்க" என்றார். மழை பிடித்துக்கொண்டது, பாவு போடவில்லை. பிறகு மாரியம்மன் பண்டிகை. பிறகு அவருக்குக் காய்ச்சல். ஊரெல்லாம் விளக்கு எரிய அந்தத் தெரு மட்டும் இருட்டில் கிடந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாற்காலி மேல் கண்ணும் இருந்தது, மறைப்பானேன்?

அவர் சென்னைக்குப் போயிருந்தபோது நானே கையெழுத்துப் போட்டு, வரைபடத்தில் இருந்தபடியே கம்பங்களை நட வைத்தேன். பாவோடு வந்த பெரியவர் ஒருவர் திகைத்து நின்றார்.

"ஏனுங்க, ஆரு சொல்லி நட்டாங்க?"

"சேர்மன் உத்தரவு."

சேர்மன் ஊர் திரும்பியதும் தெருவே மறித்துக் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆரு கையெழுத்துப் போட்டாலும் நாற்காலி எம்படதுதானுங்களே" என்று மட்டும் சொன்னார். கம்பத்தை மாற்றுவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. அந்தத் தெருவே அவரைத் தோற்கடித்தது. நாற்காலி எனக்கும் வரவில்லை. அரிசி மில்காரர் ஒருவர் தட்டிக்கொண்டு போனார்.

மனம் உறுத்த, அந்தப் பெரியவரிடம் போய், "உத்தரவு என்னுடையது, அவர் மேல் தப்பில்லை" என்றேன். தறியடியிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தோத்த பொறவு கேஸை எடுத்திருக்கறீங்களே வக்கீலய்யா, பீசு எம்புட்டுங்க?"

பொய்யை உடனே நம்பினவர்கள் மெய்யை நம்பவில்லை. பழைய சேர்மனுக்கு அந்தத் தெரு மறுபடி ஓட்டுப் போடவும் இல்லை.

கம்பங்களை ஓரத்துக்கு மாற்றத் தீர்மானம் கொண்டுவந்து, விடாமல் அலைந்து முடித்தேன். அன்று தெருக்காரர்கள் அரிசி மில்காரருக்கு மாலை போட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் பழைய சேர்மன் நின்றிருந்தார்.

"நீங்க ஏனுங்க இங்க வந்தீங்க?" என்றேன், யார் மேல் கோபம் என்று தெரியாமலே.

"நேர்ல ஒருக்காப் பாக்கலாமுன்னுதானுங்க. தாராளமாப் பாவு போடலாம்." பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அந்தக் கடைசிக் கம்பம் மட்டும் ஒரு மொழம் உள்ள நிக்குதுங்க. சொல்லிப்போடுங்க."

சொன்னேன். அது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.