மடித்து வைத்த வரி

அலுவலகத்தில் அவளுக்கு ‘இலக்கணம்’ என்று பட்டப்பெயர். சொந்தமாக ஒரு கணினி மொழியே செய்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆஸ்பத்திரி நர்ஸுகள் மருந்தளவு விதிகளைத் தாங்களே எழுதுவதற்கான மொழி அது. எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டாம், கட்டங்களை நிரப்பினால் போதும். உள்ளே இருப்பது ஒரே விதிதான். திரையில் அதை அட்டவணையாகவும் பார்க்கலாம், வாக்கியமாகவும் பார்க்கலாம். கிலோ கேட்கிற இடத்தில் மில்லியைப் போட்டால் கட்டம் வாங்கவே வாங்காது.

“இதுல தப்பா எழுதணும்னு நெனச்சாலும் முடியாது” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். முதலில் நம்பியவள் தலைமை நர்ஸ், அதாவது கூடப்பிறந்த அக்கா. வார்டு இந்த மொழிக்கு மாறியதே அக்கா மேலிடத்தோடு மல்லுக்கு நின்றதால்தான்.

விதிவிலக்குகள் சேரச் சேர அட்டவணை நீண்டுகொண்டே போனது. இலக்கணம் ஒரு சுருக்கப் பார்வை செய்து, அவற்றை மடித்து ஒளித்தாள். மடித்த இடத்தில் அடையாளமாக ஒரு சின்னப் புள்ளி நிற்கும். திரையில் அழுக்கு ஒட்டினாற்போல இருக்கிறதென்று ஒருநாள் அதையும் எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புள்ளிதானே!

ஒரு புது மருந்துக்கு விதி எழுத, அக்கா பழைய மருந்தின் அட்டவணையைப் பிரதியெடுத்து எண்களை மாற்றினாள். ‘எண்பது கிலோவுக்கு மேல் இரு மடங்கு’ என்ற மடித்த வரியும் சத்தமில்லாமல் கூடவே வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சரியாக இருந்தது, ஒப்புதல் கொடுத்துவிட்டாள். கனத்த உடம்புக்காரர் ஒருவருக்கு அந்த மருந்து இரு மடங்காக ஏறி, இரண்டு காதும் செவிடானது.

விசாரணை அதிகாரி இலக்கணத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்: “மடிச்ச வரி இருக்குன்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு பட்டனை அமுக்கினா முழுசும் தெரியும் சார்.”

பொய்யில்லை. பொய்யே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. புள்ளி விஷயம் தொண்டை வரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டாள். வேலை போனது அக்காவுக்கு.

மறுநாளே புள்ளியைத் திரும்ப வைத்தாள், நல்ல சிவப்பில்.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா புருஷனுக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் உன் மொழியால வந்த வினை” என்று வெடித்தார்.

அக்கா குறுக்கே பாய்ந்தாள். “அவளை ஏன் திட்டறீங்க? அங்க ஒரு புள்ளி இருக்கும். அன்னிக்கு நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.” தங்கையின் பக்கம் திரும்பினாள். “காபி ஆறுது பாரு. குடிடி.”

இலக்கணம் குடித்தாள்.