நாலாம் நம்பர் ரோலர்

கிறிஸ்டினாவுக்குப் பயம் கூடவே பிறந்த வியாதி. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு தரம் முறைத்தால் போதும், டிக்கெட் கையில் இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தவள். சூப்பர்வைசர் நிழல் தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுவாளாம். கம்பெனியை மூடின பிறகு, புதுவாயல் வீட்டிலேயே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாள். டைப்ரைட்டரில் பேப்பரைச் சுற்றிப் பிடிக்கிற ரோலருக்குப் புது ரப்பர்த்தோல் போடுகிற வேலை.

இந்தக் காலத்தில் டைப்ரைட்டரா என்று சிரிக்காதீர்கள். அரசுத் தட்டச்சுப் பரீட்சைக்குப் பிள்ளைகள் இன்னமும் அந்த மிஷினோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பழைய ரோலரில் ரப்பர் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அடித்தால் காது கிழியும், பேப்பரில் ஓட்டை விழும். கிறிஸ்டினா உப்புத்தாளால் மேல்பரப்பைப் பதமாகத் தேய்த்தெடுத்து, சூடு பட்டால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும் ரப்பர் உறையை மாட்டி, சூட்டுக்காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டுவாள். அப்புறம் பாருங்கள், அந்த மிஷின் பூனை நடக்கிற மாதிரி ஓடும். இன்ஸ்டிட்யூட் நடத்தும் தணிகாசலம் சார் வேறு யாரிடமும் ரோலர் கொடுக்க மாட்டார்.

இந்தப் பரீட்சைக்கு ஆறு ரோலர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் வந்து வாங்கிப்போய், அவசர அவசரமாக மாட்டி, மிஷின்களைப் பரீட்சை நடக்கும் திருவள்ளூர் காலேஜுக்கு வேனில் ஏற்றிவிட்டார். பரீட்சை நாளான சனிக்கிழமை காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே புருஷன் எட்வர்ட் பெருமையாக வாயைத் திறந்தான்.

"கிறிஸ்டி, நேத்து நீ கடைக்குப் போனப்ப ஜன்னலாண்ட ஒரு ரோலர் இருந்துச்சுல்ல? வறவறன்னு இருந்துச்சு. ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டு நல்லா துடைச்சு வெச்சேன்."

அவன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேனுக்கு எண்ணெய் போடுகிறவன். உருள்கிற சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. சப்பாத்திக் கட்டை இதுவரை தப்பித்திருப்பதே ஆண்டவர் கிருபை.

அவள் தட்டைத் தள்ளிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். எண்ணெய் ஏறின ரப்பர் பேப்பரைப் பிடிக்காது. ஸ்பீடு பரீட்சையோ பத்தே நிமிஷம். ஜன்னலோரம் இருந்தது நாலாம் நம்பர், சத்யாவுடையது. இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்டில் கூலிக்குப் போய்க்கொண்டு, மூன்றாம் தடவையாக எழுதுகிற பெண். பாஸ் பண்ணினால் ஆபீசிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சாருக்கு போன் போடு" என்றான் எட்வர்ட், முகம் செத்துப்போய்.

போட வேண்டியதுதானே? போடவில்லை. கத்துவாரே, இனி ரோலரே கொடுக்க மாட்டாரே என்று போனைக் கீழே வைத்தாள். யாருக்கும் தெரியாமல் போய்த் துடைத்துவிடலாம் என்று ஸ்பிரிட் பாட்டிலையும் துணியையும் பையில் திணித்துக்கொண்டு திருவள்ளூர் பஸ் ஏறினாள். பெரியபாளையம் தாண்டுவதற்குள் உயிரே போய்விட்டது. "ஏசப்பா, ஏசப்பா" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

காலேஜை அடைந்தபோது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். ஹாலுக்கு வெளியே தணிகாசலம் சார் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, நீ எங்க இங்க? எதுனா பிரச்னையா?"

மணியடிக்க இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

"ஒண்ணுமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மணி அடித்தது. உள்ளே நாற்பது மிஷின் ஒரே நேரத்தில் தடதடவென்று கிளம்பின. அவள் ஜன்னலடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டதெல்லாம் மற்ற இன்ஸ்டிட்யூட் மிஷின்கள். அவள் கைபட்ட ஆறும் சத்தம் போடாதவை. ஓடினாலும் தெரியாது, நின்றாலும் தெரியாது. அடிப்பாவி, இவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பேட்ச் முடிந்து கதவு திறந்தது. சத்யா கடைசியாக வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளங்கையைத் துப்பட்டாவில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

"ரெண்டாவது வரியிலேயே பேப்பர் வழுக்கினு போச்சுக்கா. எல்லாம் கோணல். என் கைதான், பயத்துல ஒரே வேர்வ. உன் ரோலரைக் குத்தம் சொல்லக்கூடாது, சத்தமே வரல."

அதற்கு மேல் கிறிஸ்டினாவால் தாங்க முடியவில்லை.

"உன் கை இல்ல சத்யா. என் ஊட்ல ரோலர் மேல எண்ணெ பட்டுடுச்சு. காலையிலயே எனக்குத் தெரியும்."

சத்யா கையைத் துடைப்பதை நிறுத்தினாள். தணிகாசலம் சார் கத்துவார் என்று கிறிஸ்டினா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்தவில்லை.

"ஸ்பேர் மிஷின் ஒண்ணு வேன்லயே கெடக்குதும்மா" என்றார். "நான் கேட்டப்ப சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல மாத்திக் குடுத்திருப்பேனே."